ஆலைக்குப் பெயின்ற் அடித்த கோடை

இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் எதிரே வருகிறவரைக் கண்டால் கையை ஆட்டமாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சுட்டுவிரலை மட்டும் கொஞ்சம் தூக்குவார்கள். அதுதான் இங்கே வணக்கம். நான் வந்து இரண்டு குளிர்காலம் கழியும்வரை எனக்காக ஒரு விரலும் எழும்பவில்லை. பிறகு ஒருநாள் இறைச்சிக்கடைக்காரன் தூக்கினான். அன்று வீட்டுக்குப் போய், ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி மனைவி மலரிடம் சொன்னேன். அடுத்து தபால்காரன், அதற்கடுத்து பாதிரியார், கடைசியில் ஊரே தூக்கியது. இந்தக் குளிர்காலம் தொடங்கியதில் இருந்து மறுபடியும் ஒருவரும் தூக்குவதில்லை. முகத்தை நேரே வைத்துக்கொண்டு, வேகம் குறையாமல் போகிறார்கள். ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதும்போது கோபம் வரும். நம் நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல வெளியே வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊர் என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோடு ஒட்டி றெயில் பாதை, அதோடு ஒட்டி ஒரே ஒரு தெரு. தெருவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு தேவாலயங்கள், ஒரு ஆணிக்கடை, ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு மதுக்கடை. சூரியன் மலைக்கு மேலால் பிந்தி வந்து முந்திப் போய்விடும். திருகோணமலைப் பக்கம் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு இது இருக்கிற இடமே அல்ல. எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை போய் முட்டுகிறது. ஆறு என்றால் நான் அறிந்தது வெருகல். அது ஆறுதலாக வந்து கடலில் சேரும், சேர்வதைக் கண்ணால் காணலாம். இந்த ஆறு எங்கே போகிறது என்று கேட்டால் “கீழே” என்பார்கள். அவ்வளவுதான் இவர்களுடைய பூமிசாத்திரம். மேல்கரையில் கடதாசி ஆலை. அன்றைக்கு என்ன நிறத்தில் கடதாசி செய்கிறார்களோ அந்த நிறத்தில் ஆறு ஓடும். கூழ்முட்டை நாற்றம் போர்வைக்குள்ளும் சோற்றுக்குள்ளும் இருக்கும். “அது காசின் மணம்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஊர் முழுக்க அந்த ஆலைச் சம்பளத்தில்தான் சாப்பிட்டது. கப்பல்களில் கொதிகலன் பார்த்துப் பழகிய கை என்பதால் எனக்கும் அங்கே கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது.

பக்கத்து வீட்டு டேல் என்னோடு வேலை செய்தவன். நல்லவன் என்றுதான் அப்போது நினைத்தேன். வாசலில் பனியை எப்படி வழிப்பது என்று காட்டித் தந்தான். மலரின் மீன்குழம்பைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். அவன் கதைத்ததை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்; அவனுடைய இங்கிலீசுக்கும் இலக்கணம் கிடையாது, சல்லியில் பிறந்திருந்தால் இப்படித்தான் கதைத்திருப்பான்.

போன கோடையில் ஆலைக்குப் பெயின்ற் வந்தது. வாளி வாளியாக வந்தது. கைபிடிக் கம்பிகளுக்கு மஞ்சள், தண்ணீர்த் தாங்கிகளுக்கு வெள்ளி, வாசல் கேற்றுக்குப் பச்சை. கொதிகலனில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வால்வை மாற்றித் தரச்சொல்லி நான் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். “பிறகு பார்ப்போம்” என்றார்கள். வால்வுக்கு இல்லாத அவசரம் பெயின்றுக்கு இருந்தது. ஊருக்கோ ஒரே சந்தோசம். ஆலைக்கு நல்ல காலம் வந்துவிட்டதாம். டேல் தன் மகனும் மருமகளும் வந்திருக்க என்று வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டத் தொடங்கினான்.

எனக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது என் அப்பா அவர்களுடைய கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்டில் வேலை செய்தார். சல்லியில் மற்றவர்கள் தோணி தள்ள, அவர் மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். போவதற்கு முந்திய வருடம் அவர்கள் பாரந்தூக்கிகளுக்குப் பெயின்ற் அடித்தார்கள், வீதியோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். பட்டறைக் கூரை மட்டும் மழைக்கு ஒழுகியபடியே கிடந்தது. ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “ஒழுகிற கூரைக்கு ஓடு இல்லையாம், கல்லுக்கு வெள்ளை அடிக்கினம். இவங்கள் நிக்கமாட்டாங்கள்” என்றார். அவரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வருடம் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடலுக்குப் போனார். கயிறு இழுத்துப் பழக்கம் விட்டுப்போன கை, கொப்பளித்துப் புண்ணாகிவிட்டது. அம்மா அதற்கு மஞ்சள் பூசுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் டேலிடம் போனேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“டேல், அறை கட்டுறதைக் கொஞ்சம் நிப்பாட்டு. ஆலையை விக்கப் போறாங்கள்.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. இந்தப் பெயின்றைப் பார். எங்கட ஊரிலயும் போறதுக்கு முந்தி இப்பிடித்தான் அடிச்சவங்கள்.”

முதலில் சிரித்தான். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தான். “இது உன்ர ஊரில்ல. இஞ்ச ஒருத்தரும் விட்டிட்டு ஓடுறேல்ல. ஓடி வந்தது நீதான்” என்றான். நான் அவனைக் காப்பாற்றப் போனேன்; அவன் அதை ஊரைப் பழிப்பதாக எடுத்துக்கொண்டான்.

இலையுதிர் காலத்தில் கோட் போட்ட ஆட்கள் வந்து மஞ்சள் கம்பி வழியே நடந்து பார்த்தார்கள். வாங்கிய கம்பனிக்கு ஆலை வேண்டியிருக்கவில்லை, அதன் வாடிக்கையாளர்கள் போதும். முதல் பனி விழுந்த கிழமை ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் மூடிய ஆலையிலும் ஒரு கொதிகலன் எரிய வேண்டும். இல்லாவிட்டால் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடித்து, இயந்திரங்களை விற்க முடியாமல் போய்விடும். அதற்கு ஒரு ஆளை வைத்தார்கள். அந்த ஆள் நான்.

ஊர் போட்ட கணக்கு சுலபமானது. அவனுக்கு முன்பே தெரியும், அவனுக்கு மட்டும் வேலை இருக்கிறது, எனவே அவன் அவர்களுடைய ஆள். நான் நல்லதுக்குச் சொன்ன சொல்லையே டேல் மதுக்கடையில் சாட்சியாக வைத்தான். அதற்குப் பிறகு மலர் கடைக்குப் போனால் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் எறிந்தார்கள். ஒரு காலையில் எங்கள் கதவில் முட்டை வழிந்துகொண்டிருந்தது. எனக்கு இவர்கள்மேல் வந்த வெறுப்பை மறைக்க விருப்பமில்லை. ஏமாற்றியவன் எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்பதற்காக, எட்டுகிற தூரத்தில் இருக்கிறவனை அடிக்கிற சனம் இது. எங்கள் ஊரும் திறமில்லை. டொக்யார்டில் தண்ணீர்ப் பம்பு பார்க்க ஒருவரை மட்டும் விட்டு வைத்தார்கள். அப்பாவின் சிநேகிதர் அவர். அப்பா சாகும்வரை அவருடன் கதைக்கவில்லை. அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க இப்போது எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

“இஞ்சாருங்கோ, அந்த வேலையை விடுங்கோ,” என்றாள் மலர். “என்னால இனி அந்தத் தெருவில நடக்க ஏலாது.”

“விட்டிட்டு?”

“ஊருக்குப் போவம்.”

நானும் ஓம் என்றேன். பிடிவாதமாக இருந்து இந்த மலைகளுக்கு நடுவில் யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறேன்? திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் தம்பிக்கு வருகிறோம் என்று எழுதினேன். பதில் கெதியாக வந்தது. “அண்ணா, இப்ப வராதேங்கோ. இது உங்கட இடமில்லை எண்டு எங்களுக்கே சொல்லுகினம். பசாரில எங்கட தமிழ் ஆக்களின்ர கடையளை எரிச்சுப்போட்டாங்கள். நாங்களே எங்க போறதெண்டு யோசிக்கிறம்.” மலர் அதை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு குசினிக்குப் போய் உலையை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. நானும் வேலைக்குப் போய்வந்தேன்.

ஊர் காலியாகத் தொடங்கியது. எண்ணெய் கிடைக்கும் தெற்குப் பக்கம் வேலை இருக்கிறதாம். போன சனிக்கிழமை காலை நான் பாலத்தால் ஆலைக்கு நடந்துகொண்டிருக்க, டேலின் பிக்கப் வந்து பக்கத்தில் நின்றது. பின்னால் மெத்தை, கதிரைகள், அலுமாரி எல்லாம் கயிற்றால் கட்டியிருந்தன. உள்ளே அவன் மனைவி கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். அவனுக்குச் சொல்ல நல்ல சூடான சொல் ஒன்றை நான் நெடுநாளாக வைத்திருந்தேன். அவன் கண்ணாடியை இறக்கினான். மன்னிப்புக் கேட்கவில்லை. இறங்கிவந்து, என்னைப் பாலத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“நீ உன்ர மனிசிக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனி?”

வைத்திருந்த சொல்லை விட்டுவிட்டேன். “ஒரு வருசம் எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“இன்னும் அதைத்தான் சொல்லுறன்.”

“பொய்யெண்டு அவவுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

அவன் ஆலையின் புகையைத் தலையால் காட்டினான். “குழாயளைக் கவனமாப் பார்” என்றான். கை தரவில்லை. ஏறிப் போய்விட்டான்.

நான் ஆலைக்குப் போய்க் கொதிகலனைத் தூண்டிவிட்டேன். என்னை வேண்டாம் என்ற டேலின் ஊர் உறைந்து போகாமல் நான் நெருப்பு வளர்க்கிறேன். என் ஊர் எரிகிறது, அங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்ற நான் இல்லை.