ஈரக் கையோடு வாங்கிய துப்பாக்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், என் கணவர் காலமான மறுவருடம் நடந்தது இது. நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். காசிமேட்டு மணலில் எங்களுக்கு ஒரு கருவாட்டுக் கிடங்கும் இரண்டு படகுகளும் இருந்தன. கணவர் இருந்தபோதே கிடங்கு என் பொறுப்புதான். மீன் அரிந்து, உப்பில் போட்டு, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்புவதுவரை நான் பார்ப்பேன். படகுகளை அவர் பார்ப்பார். ஆனாலும் அவருடைய காரியம் முடிந்த கையோடு பங்காளி ஒருவர் வந்து கிடங்குச் சாவியைக் கேட்டார்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு அண்ணி கிடங்கு? சாவியக் குடுத்துட்டு வூட்ல குந்து" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோல. நான் கொடுக்கவில்லை. அவர் அதோடு விடுகிற ஆளும் இல்லை. சில மாதம் கழித்து, பட்டப்பகலில், என் வண்டிக்காரரை இரண்டு பேர் வழிமறித்துக் கையை வெட்டிவிட்டார்கள். அடுத்தது நான்தான் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போலீசில் சொன்னேன். பார்த்தவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. கைத்துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டேன். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள், மனுவில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன். விசாரித்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் ஆண் துணை இல்லையா என்று கேட்டார். "துணைக்கு வந்தவரு கையத்தான் வெட்டிட்டாங்களே சார்" என்றேன். அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பலமுறை நடையாய் நடந்தபிறகு லைசென்ஸ் கைக்கு வந்தது.

என் தம்பியை அழைத்துக்கொண்டு டிராம் ஏறி மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். தம்பி அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கடையில் கோட்டுப் போட்ட ஒருவர், என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிடியில் முத்துச்சிப்பி பதித்து, பார்க்கக் கொள்ளை அழகு. சீமைச் சீமாட்டிகள் பையில் வைத்துக்கொள்வது அதுதானாம். நான் கையில் எடுத்தேன். விசை வளையத்துக்குள் என் விரல் நுழையவே இல்லை! உப்பிலும் கத்தியிலும் தடித்துப்போன விரல். அவர் பாவம், வேறு பக்கம் பார்த்தார். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றேன். தாகம் என்று நினைத்து டம்ளரில் கொண்டுவந்தார்கள். நான் அதை இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டு அடுத்த துப்பாக்கியை எடுத்தேன். கடைக்காரர் பதறிப்போனார்.

"அக்கா, இன்னா பண்ற? தொரத்திவுடப் போறாங்க!" என்று தம்பி காதைக் கடித்தான்.

"நான் கிடங்குல இருக்க சொல்ல என் கை என்னிக்கிடா காஞ்சு கீது? வெட்ட வர்றவன், கையத் தொடச்சிக்கினு வான்னு சொல்லுவானா?" என்றேன்.

கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இரண்டு வழுக்கின. ஒன்றில், குண்டு ஏற இழுக்கவேண்டிய மேல்பாகத்தை ஈரக் கையால் இழுக்க முடியவில்லை. கடைசியில் ஒரு கனத்த ரிவால்வர். மரப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருந்தது. கையில் ஒட்டிக்கொண்டது. காலித் துப்பாக்கிதான், விசையை இழுத்தேன். லட்டுமாதிரி வந்தது. ஆண்கள் பலருக்கே அது ஒரே இழுப்பில் வராதாம். அன்றைக்கு டிராமில் நான் உட்கார்ந்து வந்த தோரணையைச் சொல்லித் தம்பி வெகுநாள் கேலி செய்தான்.

கடையில் ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொடுத்து, ஈரக் காற்றில் துரு ஏறும் என்று அடிக்கடி போடச் சொன்னார்கள். புட்டி சீக்கிரமே தீர்ந்தது. அதற்காக மவுண்ட் ரோடு போவானேன்? படகுப் பலகைக்கு நாங்கள் பூசுவது மீனெண்ணெய். வருஷக்கணக்கில் கடலில் கிடக்கிற மரத்தையே அது காப்பாற்றுகிறது. ஆகவே ரிவால்வருக்கும் தாராளமாகப் பூசினேன். தினமும் பூசினேன். துரு கிட்டே வரவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பங்காளி இரண்டு ஆட்களோடு கிடங்குக்கு வந்தார். ஒருவன் கையில் வெட்டுக்கத்தி. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் இடுப்புப் பையிலிருந்து ரிவால்வரை எடுத்தேன். கையெல்லாம் உப்புத்தண்ணீர். பிடி கொஞ்சமும் வழுக்கவில்லை. முதலில் அவர் காலடி மணலில் ஒன்று சுடலாம் என்று விசையை இழுத்தேன்.

அசையவில்லை. மறுபடி பலங்கொண்டமட்டும் இழுத்தேன். கல்லாய் நின்றது. மூன்று பேருக்கும் எனக்கும் நடுவே ஒரு மீன்கூடைதான். விரலை எடுத்தால் துப்பாக்கி சுடாது என்று தெரிந்துவிடும். எடுக்காமல், குழாயை அவர் நெஞ்சுக்கு நேராக உயர்த்தினேன்.

"இன்னா நின்னுட்ட? சாவிதான வேணும்? இடுப்புல கீது. வந்து எடுத்துக்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். கத்தி வைத்திருந்தவன்தான் முதலில் நகர்ந்தான். "வேணாம் நைனா, இந்தம்மா சுட்ரும்" என்றான். மூவரும் போய்விட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் உப்புமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பங்காளி அதன்பிறகு கிடங்குப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இதை வறுத்தீங்களா அம்மா?" என்றார். மீனெண்ணெய் உள்ளே காய்ந்து அரக்காகி எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது. மரத்துக்கு ஆகிற எண்ணெய் துப்பாக்கி விசைக்கு ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? காது மடலெல்லாம் சிவக்க நின்றேன். சுத்தம் செய்து கொடுத்தார். இரண்டு புட்டி எண்ணெயும் கொடுத்தார். அதன்பிறகு அந்த ரிவால்வரை யார்மேலும் நீட்ட வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

துப்பாக்கி வைத்திருந்ததால் தப்பித்தாள் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. ஆனால் அது வேலை செய்யாது என்று அன்று அந்தக் கிடங்கில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகும் நான் ஓரடிகூடப் பின்னால் வைக்கவில்லை என்பதை நினைக்கும்போது, இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்கிறது.