எங்கள் காதலைப் படமெடுத்தார்கள்

நான்கு ஊர்களில் நடக்கும் நான்கு காதல்களை ஒரே படமாக எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு, சென்னையிலிருந்து ஒரு துணை இயக்குநர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னோடு படித்த ஒருத்தி எங்கள் கதையை அவளிடம் சொல்லியிருந்தாள்.

"எல்லா மாதிரி காதலும் இதுல இருக்கணும் அக்கா. யாரும் இதுவரைக்கும் காட்டாதவங்களைக் காட்டணும்" என்றாள். நாங்கள் நம்பினோம்.

நான் அச்சுவேலிப் பக்கம் தோட்டம் செய்யும் சைவக் குடும்பத்துப் பெண். என் கணவரின் ஊர் குருநகர். அவருடைய தகப்பன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போர்டிங் அறை எடுத்துப் பல்கலைக்கழகக் கம்பஸில் படித்த காலத்தில் பழகினோம். வீட்டில் தெரியவந்தபோது, கிறிஸ்தவன், வேதக்காரன் என்று அம்மா அழவில்லை. "என்ன சாதி எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பழகினனியோ?" என்றுதான் கேட்டார்.

கலியாணத்தன்று கணவரின் தாயான என் மாமி, வேதக் கோயிலுக்குள் முன்வரிசை வாங்கு இருக்கைகள் இரண்டில் தன் ஆட்கள் எவரையும் இருக்கவிடவில்லை. பெண் வீட்டார் வந்தால் இடம் வேண்டுமாம். பூசை முடியும்வரை அவை வெறுமையாகவே கிடந்தன. எங்களுக்கு மகள் பிறந்தபோதும் அம்மா வரவில்லை.

இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னோம். மாமி அவளுக்கு மீன் பொரித்துக் கொடுத்தார். வாங்குகளின் கதையைக் கேட்டு அவள் கண்ணைத் துடைத்தாள்.

சில மாதங்களில் கீரிமலையில் படப்பிடிப்பு நடந்தது. நான் தொலைபேசியில் விசாரித்தேன்.

"ஹீரோ டாக்டர் வீட்டுப் பையன் அக்கா. ரெண்டு பேரும் வேற வேற மதம். அதுதான் பிரச்சினை."

"சாதியை ஏன் விட்டனீங்கள்?"

"அது ரொம்பக் கனமாயிடும். இது லவ் ஸ்டோரிதானே? மதம்னா எல்லாருக்கும் புரியும்."

"எங்களுக்கு நடந்தது அதில்லையே, தங்கச்சி."

"ஃபீல் அதேதான் அக்கா" என்றாள்.

படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது மாமி திருநாளுக்குக் கட்டும் சேலையில் வந்தார். திரையில் கதாநாயகி 'ஓம்' என்பதை மட்டும் எங்களைப்போல் சொன்னாள். மற்றதெல்லாம் சென்னைத் தமிழ். குருநகர்க் கரை ஒரு பாட்டில் வந்தது. காதலர்கள் கைகோத்து நடக்க, பின்னால் மங்கலாகச் சிலர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெண்ணின் தாய் கோயிலுக்குள் ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடித்தாள். அரங்கு கைதட்டியது.

வெளியே வரும்போது மாமி கேட்டார்: "எங்கடை ஆக்கள் எதிலை வந்தவை பிள்ளை?"

"பாட்டிலை, பின்னாலை வந்தவை மாமி."

"அந்த வலை இழுத்தவையோ?"

"ஓம்."

அதன்பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை. விடுபட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த படம் என்று முகநூலில் எழுதித் தள்ளினார்கள். அந்தச் சென்னைப் பெண் ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் என் தங்கச்சி அழைத்தாள். "அக்கா, உன்ரை கதை எண்டு சொல்லி அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினனான். அவ உன்னோடை கதைக்க வேணுமாம்."

கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மாவின் குரலைக் கேட்டேன்.

"படம் பாத்தன் பிள்ளை. அழுதுபோட்டன். தாய் ஓடிவந்து கட்டிப்பிடிச்ச இடத்திலை எனக்குத் தாங்கேலாமல் போச்சு."

"அப்ப ஒருக்கா வாங்கோவன் அம்மா. பேத்தியைப் பாக்கலாம். இவரும் சந்தோசப்படுவார்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அது படம்" என்றார் அம்மா. "அதிலை பெடியன் நல்ல இடத்துப் பெடியன்."

நான் தொலைபேசியை வைத்தேன். அம்மா அந்தப் படத்தை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். அதில் அவரை நோகடிக்க எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

குசினி வாசலில் கணவர் நின்றார். "அம்மாவோ? என்னவாம்?"

"சுகம் கேட்டவ."

"என்னையும் கேட்டவவோ?"

"ஓம்" என்றேன்.

என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். "நீர் சாப்பிட வாரும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.