இரண்டு பூட்டுக் கதவு

குளிர்காலக் காலையில் அந்தப் பூட்டைத் தொட்டால் இரும்பின் குளிர் விரல் நுனியில் சுள்ளென்று ஏறும்; ஆனாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே நிற்பேன். மெல்பேர்ணின் மேற்கில், எங்கள் தெருக்கோடி மண்டபத்தின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்றின் 'திறப்பு', அதாவது சாவி, அந்த மண்ணின் பூர்வகுடியான டொரீன் அன்ரியிடம், மற்றது வெள்ளைக்காரியான மார்கரெட்டிடம். விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க இரு பகுதியாரும் முதன்முதலாகச் சேர்ந்தபோது, ஒருவரையொருவர் நம்பாமல் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். திறக்காவிட்டால் என்னையும் தம்பியையும் பார்க்க ஆளில்லாமல், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையை அம்மா விட வேண்டியதுதான். "சண்டை வந்தா நடுவில நிக்காதை, தம்பியையும் இழுத்துக்கொண்டு ஓடி வா" என்று சொல்லித்தான் தினமும் அனுப்புவார். நானோ சண்டை வருவதற்கு முன்பே தம்பியின் கையைப் பிடித்துக்கொள்வேன்.

வந்தது. கரண்டிகள் குறைகின்றன என்று மார்கரெட், அன்ரியின் பேரன்மாரின் பைகளை மட்டும் கிளறிப் பார்த்துவிட்டார். மறுநாள் அன்ரி வரவில்லை. மார்கரெட்டின் பூட்டு திறந்து தொங்க, மற்றது அசையாமல் கிடந்தது. மார்கரெட்டின் கணவர் பெரிய குறட்டோடு வந்தார், அதை வெட்டிவிட. "வையுங்கோ அதை. அது எங்கட பூட்டில்லை" என்று சொல்லிவிட்டு மார்கரெட் அன்ரியின் வீட்டுக்கு நடந்தார், நாங்களும் பின்னால் போனோம். அவர்கள் பேசிய ஆங்கிலம் என் ஞாபகத்தில் எங்கள் வீட்டுத் தமிழாகவே கிடக்கிறது.

அன்ரி வாசல் படலையைத் திறக்கவில்லை. "இண்டைக்கு ஆரின்ரை பையைப் பாக்க வந்தனீ?"

மார்கரெட் தன் கைப்பையைப் புல்லில் கவிழ்த்தார். மாத்திரை, பஸ் ரிக்கற், ஒரு சீப்பு.

"சீப்பும் வச்சிருக்கிறாய். பிறகேன் இந்தத் தலை?"

பேரன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. "பெடியளிட்டை மன்னிப்புக் கேள். பிறகு வாறன்."

முகம் சிவக்க, ஒவ்வொருவனிடமும் பெயர் சொல்லிக் கேட்டார். அதன் பின்னும் அன்ரியும் மார்கரெட்டும் ஒரே மேசையில் தேநீர் குடித்து நான் கண்டதில்லை. ஆனால் கதவு திறக்காத காலையும் கண்டதில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஒற்றுமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது முழுக்க விளங்காது. அந்த இருவரும் இப்போது இல்லை. போன விடுமுறையில் என் மகளை அதே மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு. ஒரு பெண் வந்தார், தனியாகவே திறந்து உள்ளே போனார்.

"அம்மா, திறந்துதானே கிடக்கு, வாங்கோ" என்றாள் மகள்.

"ஓம், ஓம், வாறன்" என்றேன். ஆனாலும் மற்றவரும் வரட்டும் என்று தெருவைப் பார்த்தபடி நின்றேன்.