நான் திருத்திய லைற்றர்

மன்னாரில் லைற்றர் சேர்க்கிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்திலும் நம்பவில்லை. அரசாங்கக் கச்சேரியில் என்னோடு வேலை செய்த கிளாக்கர்மார், நான் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் உப்புக்குளத்துக்குப் போவது கடதாசி விளையாடத்தான் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பித்தளைச் சாமானை நடுவில் வைத்துக்கொண்டு நாலு வளர்ந்த ஆம்பிளைகள் மூன்று மணித்தியாலம் கதைப்பார்கள் என்பது அவர்களுடைய புத்திக்கு எட்டவில்லை. எட்டாமல் போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

நாலே நாலு பேர். கூடுவது கருவாட்டு முதலாளியின் வீட்டு விறாந்தையில். அவர் உப்புக்குளத்து முஸ்லிம் வியாபாரி, தீவில் காய்கிற கருவாட்டில் பாதி அவருடைய கிட்டங்கிக்குத்தான் வரும். இரண்டாமவர் ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி. மூன்றாமவர் நானாட்டானில் வயல் செய்கிற கமக்காரர், இதற்கென்றே தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தாம்போதி தாண்டி மாட்டுவண்டியில் வருவார். நாலாவது நான். இதில் பகிடி என்னவென்றால், எங்களில் புகைக்கிறவர் கமக்காரர் ஒருவர்தான். அவரும் சுருட்டை அடுப்புக் கொள்ளியில்தான் பற்றவைப்பார். லைற்றரில் பற்றவைத்தால் சுருட்டு பெற்றோல் மணக்கிறதாம். முதலாளிக்கு மூச்சு இழுப்பு வருத்தம். அப்போதிக்கரி பொழுது விடிந்தால் நோயாளிகளுக்குப் புகைக்காதே என்று புத்தி சொல்கிறவர். எனக்கு ஒரு இழுவையிலேயே தலை சுற்றும்.

பிறகு ஏன் சேர்த்தோம் என்று கேட்டால், சரியான மறுமொழி எங்களிடம் இல்லை. தலைமன்னாரில் இந்தியக் கப்பல் வந்து போகிறது, அதில் வருகிறவர்களின் சட்டைப்பைகளில் விதவிதமான லைற்றர்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெருப்பைத் தருகிறது. அது எப்படி என்று பார்க்காமல் எங்களால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்போதிக்கரியிடம் புத்தகம்போலத் திறக்கிற ஒன்று இருந்தது. கமக்காரரிடம் பெற்றோலே கேட்காத கயிற்று லைற்றர். காற்று அடிக்க அடிக்க அதன் கயிறு இன்னும் நன்றாகக் கனலும். அதை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஏனென்றால் எங்கள் சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கொண்டுவருகிற லைற்றரைக் காற்று வருகிற பக்கம் பார்த்து நின்று மூன்று தட்டுக்குள் பற்றவைக்க வேண்டும். மூன்றாவதிலும் பற்றாவிட்டால், கொண்டுவந்தவர் எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்தில் மன்னாரில் நின்று ஒரு திரியைப் பற்றவைத்துப் பாருங்கள், எங்கள் மதிப்புத் தெரியும். அப்போதிக்கரி அந்த நாட்களில் ஊற்றின தேத்தண்ணியைக் குடித்தே எங்களுக்கு நித்திரை கெட்டது.

நான் தேத்தண்ணி ஊற்றியதே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சங்கத்தில் திருத்துகிற ஆள் நான். மணிக்கூடு திருத்துகிறவர்கள் ஆணி கழற்ற வைத்திருக்கிற சின்னத் திருப்புளி எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும், அரமும் குறடும் அலுமாரியில். பழுதான ஒன்றைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, அதன் சொந்தக்காரர் கேட்டாரா கேட்கவில்லையா என்பதும் நினைவில் இருக்காது. என் மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னா:

“செத்த ஆளைக் கொண்டுவந்து முன்னால கிடத்தினாலும் நீங்கள் திருப்புளியைத்தான் தேடுவியள்.”

ஒரு வருடம் சோளகம் தணிகிற நேரத்தில் முதலாளி ஒரு லைற்றரைக் கச்சேரியில் என் கந்தோருக்கே அனுப்பியிருந்தார். முசலிப் பக்கத்தில் கரைவலை இழுத்தவர்களுக்கு அகப்பட்டதாம். மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் இறுக்கிய ஒரு தகரப் பேணிக்குள் தண்ணீர் படாமல் இருந்திருக்கிறது. பேணி, அரையில் உடுக்கிற சாரத்தின் கிழிந்த துண்டில் முடிந்தபடி வலையில் வந்ததாம். துருப்பிடித்த பேணியையும் துணியையும் வலைக்காரர் எறிந்துவிட்டார்கள். லைற்றர் மட்டும் கருவாட்டோடு முதலாளியிடம் வந்து சேர்ந்தது.

துவக்குத் தோட்டாவின் பித்தளைக் கோதில் செய்தது அது. பெரிய யுத்தத்தில் சோல்ஜர்மார் அகழிக்குள் இருந்து பொழுதுபோக்காகச் செய்த வகை. கடையில் விற்றது இல்லை என்றாலும் கப்பல்காரர் கையில் இப்படிப் பல வந்தன. பஞ்சில் பெற்றோல் விட்டுத் தட்டிப் பார்த்தேன். பத்துத் தரம் தட்டியும் ஒரு பொறி இல்லை. பதினோராம் தரம் கை தவறி, கல்லில் உரசுகிற சில்லைப் பின்பக்கமாக உருட்டிவிட்டு முன்னுக்குத் தட்டினேன், பக்கென்று பற்றியது. திரும்பவும் முன்னுக்கு மட்டும் தட்டினால் இல்லை. பின்னுக்கு ஒரு சுற்று, முன்னுக்கு ஒரு தட்டு, அப்போது மட்டும் நெருப்பு. கழற்றிப் பார்த்தால் சில்லின் பற்கள் ஒரு பக்கம் மழுங்கியிருந்தன, கல்லை மேலே தள்ளுகிற கம்பிச்சுருளும் தளர்ந்துபோயிருந்தது. அந்தக் குறையோடு யாரோ வருடக்கணக்கில் அதைப் பாவித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆளின் மேல் எரிச்சல்தான் வந்தது. மூன்று பின்னேரம் குந்தியிருந்து சில்லை மாற்றினேன், சுருளை மாற்றினேன், புதுக் கல், புதுப் பஞ்சு, புதுத் திரி போட்டேன். கடைசியில் புளி போட்டு மினுக்கினேன். கண் வைக்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் விறாந்தையில் மேசை நடுவில் வைத்தேன். கமக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “உது கடலுக்க கிடந்ததெண்டு சொன்னா ஆர் நம்புவினம்?” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முதலாவது தட்டுக்கு நான் எழும்பும்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றா.

முப்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சேலை. முதலாளிக்கு அவவைத் தெரிந்திருந்தது. “ஓலைத்தொடுவாய் ஊர்த் தங்கச்சியல்லோ. வாங்கோ, இருங்கோ” என்று கதிரையைக் காட்டினார். அவ இருக்கவில்லை.

“முதலாளி, வலையில வந்த லைற்றர் உங்களிட்ட இருக்கெண்டு கருவாடு ஏத்துற ஆக்கள் சொல்லிச்சினம். ஒருக்காப் பார்க்கலாமோ எண்டு வந்தனான்.”

அவவின் கதை தீவில் எல்லாரும் அறிந்ததுதான். புருசன் போன ஆண்டு மேற்குக் கச்சான் காற்றில் தனியே தோணியில் போனவர். ஆளும் வரவில்லை, தோணியும் வரவில்லை. இராமேசுவரப் பக்கம் ஒதுங்கியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒதுங்கிப் பல மாதம் கழித்து வந்து நின்றவர்களும் உண்டு. முடிந்துபோயிருக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாதா கோயில் சுவாமியார், ஒரு அடையாளமும் இல்லாமல் மரித்தவருக்கான பூசை வைக்கேலாது பிள்ளை, பொறுத்துப் பார் என்று சொல்லிவிட்டாராம்.

“கறுப்பு உடுக்கிறதோ, சாதாரணமா உடுக்கிறதோ எண்டுகூடத் தெரியேல்லை, ஐயா” என்று அவ அப்போதிக்கரியைப் பார்த்துச் சொன்னா. “அவரிட்டத் தோட்டாக் கோதில செய்த லைற்றர் ஒண்டு இருந்தது. கப்பல்ல வேலை செய்த ஒருத்தர் பாரை மீனுக்கு மாறிக் குடுத்தது. பேணிக்க போட்டு அரையில கட்டாமல் அவர் கடலுக்குப் போறதில்லை. கடலில் இருக்கிறவரைக்கும் அவிழ்க்கவும் மாட்டார்.”

பேணிக்குள் போட்டு அரையில் கட்டுகிற வழக்கம் கடலுக்குப் போகிற வேறு பலருக்கும் உண்டு, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மேசையில் இருந்தது அவருடையது என்றால் அவர் இல்லை. அவருடையது இல்லையென்றால் இன்னும் காத்திருக்கலாம். ‘அவருடையது இல்லை’ என்று கேட்டுப் போகத்தான் அவ வந்தா என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் நாலு பேருக்கும் வெட்கமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் கதிரைகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டோம். ஒரு லைற்றரை அதன் ஆளோடு சேர்த்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி எங்களில் ஒருவரையும் விடவில்லை. அப்போதிக்கரி, “கோதில ஏதும் கீறல், எழுத்து இருந்ததோ?” என்று கேட்டார். இல்லையாம். கமக்காரர் நிறத்தைக் கேட்டார்.

“கறுத்துப்போய் இருக்கும். இது பொன்மாதிரி இருக்கு” என்றா அவ. நான் வாய் திறக்குமுன், “தட்டிப் பார்த்தாத் தெரியும். தாங்கோ” என்று கையை நீட்டினா.

கொடுத்தேன். அவ சில்லை முன்னுக்கு ஒரு தட்டுத் தட்டினா. முதல் தட்டிலேயே பற்றியது, நான் திருத்தினது அல்லவா.

அவவின் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வருடம் தலையில் சுமந்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்ததுபோன்ற முகம்.

“இது அவற்ர இல்லை, முதலாளி. அவற்ரயைப் பின்னுக்கு ஒருக்கா உருட்டாமல் பத்தவைக்கேலாது. கலியாணம் முடிச்ச நாளையில அது தெரியாமல் நான் தட்டித் தட்டிப் பெருவிரல் பொக்களிச்சுப்போச்சு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.” சொல்லிவிட்டு அவவே சிரித்தா.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் முதலாளி. கமக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவ லைற்றரை மேசையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினா.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சில்லின் கதையை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அன்று எல்லாருக்கும் முன்னால் விரிவாகச் சொல்லிப் பேர் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அவ சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டுமே என்று ஒரு மனம். அப்படிப் போய் எத்தனை வருடம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பா என்று மற்ற மனம். பயந்துபோனேன் என்பதுதான் உண்மை. அவ முற்றம் தாண்டி ஒழுங்கை வாசலுக்குப் போன பிறகுதான் கூப்பிட்டேன்.

“பிள்ளை, நில்லுங்கோ. அது இப்படி இருக்கேல்லை. நான்தான் திருத்தினனான்.”

அவ திரும்பி வந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். மழுங்கிய சில்லு, தளர்ந்த சுருள், பின்னுக்கு உருட்டினால் மட்டும் பற்றியது, கறுப்பை நான் மினுக்கி எடுத்தது. சொல்லச் சொல்ல என் வேலை எனக்கே அசிங்கமாக இருந்தது. அப்போதிக்கரி மெதுவாக, “அப்படியான பழுது வேற லைற்றருக்கும் வரலாம்தானே” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை.

அவ அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. அப்போதுதான் கதிரையில் இருந்தா.

“கழட்டின சில்லை எறிஞ்சுபோட்டியளோ?”

“இல்லை.” பழைய சாமானை எறிகிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. கழற்றிய சில்லும் சுருளும் கடதாசியில் சுற்றி என் சட்டைப்பையில்தான் இருந்தன, காட்டிப் பெருமையடிக்கக் கொண்டுவந்தது.

“அப்ப முந்தி இருந்தமாதிரியே ஆக்கித் தாங்கோ. என்ர கையால தட்டிப் பார்த்தாத்தான் எனக்குத் தெரியும்.”

என் வாழ்நாளில் ஒன்றைப் பழுதாக்க உட்கார்ந்தது அன்று மட்டும்தான். மூன்று பின்னேரம் எடுத்த வேலையைக் கழற்றப் பத்து நிமிடம் காணும். ஆணி இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது, கமக்காரர் முழங்காலில் நின்று தேடி எடுத்துத் தந்தார். நடுவில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. சுருளைக் கொஞ்சம் கோணலாக வைத்தால் எந்தப் பக்கம் உருட்டினாலும் பற்றாது, அவ நம்பிக்கையோடு போய்விடுவா. திருப்புளியை ஒருகணம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. சுருளை நேராகத்தான் வைத்தேன்.

வாங்கி முன்னுக்குத் தட்டினா. ஒன்றுமில்லை. இன்னொரு தரம். ஒன்றுமில்லை. எங்கள் சட்டப்படி இனி ஒரு தட்டு மிச்சம் என்று என் மூளை எண்ணியது, அதற்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன். பிறகு அவ கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை வளைத்துக் காற்றை மறைத்து, பெருவிரலால் சில்லைப் பின்னுக்கு ஒரு சுற்றுச் சுற்றி முன்னுக்குத் தட்டினா. கண்ணைத் திறக்குமுன்னமே அவவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னுக்கு உருட்டும்போதே, “ஓம்” என்று சொன்னதைக் கேட்டேன். நெருப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலாளி தொப்பியைச் சரிசெய்தபடி வாய்க்குள் ஓதினார். அவ மூடியை மூடிச் சேலைத் தலைப்பில் முடிந்தா. அதை எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவ கேட்கவில்லை, நாங்களும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழும்பி நின்று என்னைப் பார்த்துத்தான் கேட்டா:

“ஐயா, இதுக்க விட்ட பெற்றோல் எத்தினை நாளைக்கு நிக்கும்?”

“மூண்டு நாலு நாளைக்கு நிக்கும், பிள்ளை. பிறகு பாவிக்காட்டியும் ஆவியாப் போயிடும்.”

அவ விரலில் நாள் எண்ணிப் பார்த்தா.

“காணும். புதன்கிழமை அவற்ர பூசைக்கு மெழுகுதிரி கொளுத்தக் காணும்.”