பம்பரத்தின் கைகள்

என் நாத்தனாரை நாங்கள் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிடும்போதே பாதியில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டு வருவாள். நன்றாக ஓடிய கடிகாரத்தைக் கழற்றி ஓடாமல் செய்தவள்.

"உன் கால்ல யாரு சக்கரம் கட்டிவிட்டது?" என்பார் என் கணவர்.

"நீங்கதான்ணா. முன்னாடி பொறந்து, இருந்த நிதானத்தை எல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

அவளுக்கு லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வாயுவின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் தெறித்து வந்து திரையில் புள்ளியாக விழும். மூலக்கூறின் இரண்டு முனைகளில் எதிலிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாதாம். இரண்டிலிருந்தும் அலையாகக் கிளம்பித் தன்னோடு தானே கலக்குமாம். அதனால் புள்ளிகள் நிறையச் சேர்ந்ததும் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். நடுக்கோடு இருட்டாக இருந்தால், உள்ளே எலக்ட்ரான் குடியிருந்த வடிவத்தின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இருட்டு வரும் என்பது அவளுடைய குழுவின் கணக்கு.

கோடுகள்தான் வரவில்லை. புள்ளிகள் கொஞ்சம் சேர்ந்ததும் ஒளி மங்குகிறது என்று பம்பரம் லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடியின் திருகைத் திருகிவிடுவாள். உடனே கோடுகளின் இடம் மாறிவிடும். பழைய புள்ளிகளோடு புதியவை ஒட்டாமல் எல்லாம் வெறும் மூட்டமாகும். மறுபடி முதலிலிருந்து. நாளை லேசர் வேறு குழுவுக்குப் போகிறது. இன்று கோடு விழாவிட்டால் அவளுடைய ஒப்பந்த வேலையும் இன்றோடு சரி.

"அண்ணி, என்கூட வந்து உட்காருங்க. என் கையை நானே நம்ப மாட்டேன்."

புதிய இடமென்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒரு கம்பளி நூல் சிட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். திரை இருக்கும் அறையில் அவளுடைய இரண்டு கைகளையும் நீட்டச்சொல்லி, சிட்டத்தை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

குழுத்தலைவி எட்டிப்பார்த்தார். "இதென்ன, தையல் கிளாஸா?"

"கைவிலங்கு, மேடம்" என்றாள் பம்பரம்.

திரையில் புள்ளிகள் தூறலாக விழுந்தன. அவள் முழங்கால் ஆடியது. உதட்டைக் கடித்தாள். திடீரென்று எழப்போனாள்.

"அண்ணி, வெளிச்சம் குறையுது! விடுங்க, ஒரே ஒரு திருகு!"

"மாட்டேன்."

"கெட்டுப்போயிடும்!"

"நீ தொட்டாத்தான் கெடும். உட்காரு."

அவளிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. அவள் முறைத்தாள், ஆனால் உட்கார்ந்தாள். அதற்குள் நூல் தீர்ந்துபோனது. என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிய உருண்டையைப் பிரித்து மறுபடி அவள் கைகளிலேயே சுற்றத் தொடங்கினேன்.

"இதுக்குப் பேரு வேலையா?" என்றாள், சிரிப்பும் எரிச்சலுமாக.

"உன் வேலையைக் காப்பாத்தற வேலை."

தலைவி திரைக்கு அருகில் போய்க் குனிந்தார். நானும் பார்த்தேன். மூட்டத்துக்குள் மெல்லிய கோடுகள், பல் தேய்ந்த சீப்பு மாதிரி. நடுவில் இருட்டு.

பம்பரத்தின் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை. என் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

தலைவி நிமிர்ந்தார். "நாளைக்கு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடும்மா. இன்னும் ரெண்டு வருஷம்."

"நாளைக்கா?" அவள் நூலோடு எழுந்தேவிட்டாள். "இப்பவே போட்டுடறேனே, மேடம்!"