அன்னபாக்கியத்தின் ஆமென்

அன்னபாக்கியம் ஆமென் சொன்னால் வெள்ளவத்தைக் கடல் ஓர் அடி பின்வாங்கும். கரையோர ரயில் ஒன்று அந்தச் சத்தத்தில் வழியிலேயே நின்றுவிட்டதாகவும் சொல்வார்கள். ரயில் கதையை நம்ப வேண்டாம். கடல் கதையைத் தாராளமாக நம்பலாம்.

அப்படிப்பட்ட தொண்டை ஒருநாள் அடைத்துப்போனது. கணவர் எட்வேட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையார் கட்டிலைச் சுற்றி நின்று சுகத்துக்காக ஜெபித்தார்கள். முடிவில் அவள் ஆஸ்பத்திரி வாட்டே அதிர ஆமென் என்றாள். அவள் வாயை மூடியபோது எட்வேட்டின் மூச்சும் அடங்கியிருந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் அவள் நாக்கில் ஏறவில்லை. தன்னுடைய ஆமென்தான் மனிதனைக் கொண்டுபோனது என்று யாரிடமும் சொல்லாமல் நம்பினாள். பட்டம் பெற்றவள்தான்; துக்கத்துக்குப் பட்டமாவது மண்ணாவது.

கொட்டாஞ்சேனைச் சபையில் சனிக்கிழமைச் சிறுவர் வகுப்புக்கு ஆள் தேடினார்கள். பிள்ளைகளுக்குத் தின்னப் பணிஸ் கொடுக்கவும் தேநீர்க் கோப்பை கழுவவும் மட்டும் வருகிறேன் என்று பாமன்கடையிலிருந்து பஸ் ஏறிப் போனாள். கதை சொல்வதும் ஜெபிப்பதும் யோகநாதன் மாஸ்டரின் பாடு. ஜெபம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் இவள் குழாயைத் திறந்துவிடுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் யார் ஆமென் சொன்னார், யார் சொல்லவில்லை என்று கர்த்தருக்கே கேட்டிருக்காது.

வகுப்பில் உஷாந்தி என்று ஒரு சின்னப் பிள்ளை. வன்னியிலிருந்து தாயோடு வந்த சைவப் பிள்ளை. தாய் வத்தளையில் தையல் வேலைக்குப் போக, இவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்பார்கள். உஷாந்தி மட்டும் "ஓம்" என்பாள். 'ஆமா' என்று பேசி வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி.

"இது கோயில் இல்லடி," என்றாள் ஒருத்தி.

"நான் சாமி கும்பிடேல்லை. ஆமென் எண்டா அப்பிடியே ஆகட்டும் எண்டு மாஸ்டர்தானே சொன்னவர். அதுக்கு எங்கட வீட்டில ஓம் எண்டுதான் சொல்லுறது."

குழாயடியில் நின்ற அன்னபாக்கியத்துக்கு எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஒரு மழைச் சனிக்கிழமை மாஸ்டருக்குக் காய்ச்சல். அன்னபாக்கியம் தனியாக நின்றாள். நனைந்தபடி வந்த உஷாந்தி பணிஸைத் தொடவே இல்லை.

"அன்ரி, மருந்தெடுக்கப் போன அம்மாவை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். ஜெபம் பண்ணுவீங்களோ?"

குழாய்ப் பக்கம் தப்பிப்போக வழியில்லை. பிள்ளைகள் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். சுகம் கேட்க அவளுக்குப் பயம்; அதைக் கேட்டு ஒருமுறை பட்டது போதும். "ஆண்டவரே, அந்த வாட்டில அவ தனியப் பயந்துகொண்டு கிடக்கக்கூடாது. ஆரையாவது பக்கத்தில இருத்தும்," என்றாள். அதற்குமேல் வரவில்லை. அறை ஆமெனுக்காகக் காத்திருந்தது.

"ஓம்," என்றாள் உஷாந்தி. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னே தாய் போய்விட்டாள்.

ஆமென் சொல்லாமலே ஆள் செத்துவிட்டது. அப்படியென்றால் என் ஜெபமே விஷம்தான் என்று அன்னபாக்கியம் முடிவுகட்டினாள். கோப்பைகள் வைக்கும் அலுமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிடலாம் என்றுதான் அடுத்த சனிக்கிழமை போனாள். மாஸ்டர் இன்னும் எழும்பி வரவில்லை. யாரோ பழக்கமில்லாத கை வாரிவிட்ட தலையோடு உஷாந்தி வந்திருந்தாள். நேரே குழாயடிக்கு வந்து நின்றாள்.

"அன்ரி, நீங்கள் கேட்டது கிடைச்சது. பக்கத்துக் கட்டில் சிங்கள நோனா கடைசி மட்டும் அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவவாம். அம்மாவுக்கு அவவின்ர சிங்களம் ஒழுங்கா விளங்காது. எண்டாலும் அழேல்லையாம், பயப்பிடேல்லையாம். என்னைப் பாக்க வந்திருக்கிற பெரியம்மா சொன்னவ."

அன்னபாக்கியத்தின் கையில் கோப்பை அப்படியே நின்றது. எட்வேட்டின் கட்டிலருகில் தான் போட்ட சத்தம் மட்டும்தான் இவ்வளவு காலமும் அவளுக்கு ஞாபகம். அந்த நேரம் அவருடைய கை தன் கைக்குள் இருந்தது என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரும் பயந்தவராகத் தெரியவில்லை.

"எனக்கு இரவில பயமாயிருக்கு. அதுக்கும் கேளுங்கோவன்."

குழாயை இறுக்கி மூடிவிட்டு, ஈரக் கையாலேயே பிள்ளையின் கையைப் பிடித்தாள். தடுமாறித் தடுமாறிக் கேட்டாள். முடிவில் அந்தப் பழைய சொல் மறுபடியும் நாக்கில் ஏறவில்லை.

"ஓம்," என்றாள்.

கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சின்னப் பிள்ளைக்கு மட்டும்தான் கேட்டது. அலுமாரிச் சாவி இன்றைக்கும் அன்னபாக்கியத்தின் கைப்பையில்தான் கிடக்கிறது.