தொண்டைக்குள் பாய்ந்த பனையேறி

விலங்கியல் படிப்புக்காக ஓடை மீன்களைச் சேகரிக்கப் போனபோது, திருக்கழுக்குன்றத்துக்கு அப்பாலுள்ள காட்டோடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டேன். ஒல்லி உடம்பு, தண்ணீரில் ஊறிச் சிவந்த கண்கள். வலை கிடையாது; சேற்றில் துழாவியே பிடிப்பார். ஒரு மீன் அகப்பட்டால் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடுத்ததைத் தேடுவார்.

அன்று கடித்திருந்தது உள்ளங்கை நீளப் பனையேறிக் கெண்டை. அது துள்ளி, தலை முன்னாகத் தொண்டைக்குள் பாய்ந்துவிட்டது. மூச்சுத் திணறிக் கரையில் சாய்ந்தார். பதறிப்போய் வாலைப் பிடித்து இழுத்தேன். செவுள் முட்கள் விரிந்து குத்திக்கொண்டதால் மீன் அசையவே இல்லை. பிறகு விரல்களை உள்ளே விட்டு, செவுளை அமுக்கி எடுத்தேன். ரத்தத்தோடு வந்தது.

வெகுநேரம் இருமிவிட்டு, “எங்க அண்ணனும் இப்டித்தான் செத்துப்போச்சு, தம்பி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சுமாண்ணா வாயில வச்சீங்க?”

“நானா வச்சேன்? தண்ணில எறங்கிட்டா கை அதுவா வாய்க்குப் போவுது. இன்னா பண்ண சொல்ற?” என்றவர், சட்டென்று என் கையைப் பிடித்தார். “அண்ணி எங்க வூட்லதான் கீது. அதாண்ட மட்டும் சொல்லிடாத.”

செத்துப் பிழைத்தவரின் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன்.